வியட்நாமில் நான் அடைத்த மடை

அனுமந்தன்பட்டி,
வைகாசி 24, சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் கோட்டைச்சாமி அவர்களுக்கு,

மேல்வயல் சுயம்புலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கச்சி சுருளியம்மாளும் பசுமாடும் நலம். அங்கு நீங்களும் சுப்புத்தாய் அக்காவும் நலமாக இருப்பதாக டீக்கடையில் கேள்விப்பட்டேன். ஆனாலும் விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன். இரண்டு தெரு தள்ளியிருக்கும் உங்களுக்கு எதற்குத் தபால் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் என்னை பிளாக் செய்துவைத்திருக்கிறீர்கள். நேரில் வரலாமென்றால், நான் நல்லதைப் பேச வாயைத் திறந்தாலும் பாதியில் அது சண்டையாகிவிடுகிறது. இந்த வாயோடு அறுபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவன் நான், எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். தயவுசெய்து வக்கீலிடம் காட்டாமல் கடைசிவரை படியுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவணியில் நம் வேல்விழிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெயமங்கலத்துத் திலீபன், நல்ல பையன். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் போடவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு அச்சகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். "மாமா வந்து மாலை எடுத்துக் குடுக்காம நான் மணவறையில உக்கார மாட்டேன், வேணும்னா நீங்களே உக்காந்துக்கங்கப்பா" என்று பெண் சொல்லிவிட்டாள். நீங்கள் ஏன் வரமாட்டீர்கள் என்பது ஊருக்கே தெரியும். மாமனார் பிரித்துக் கொடுத்த வயலில் மேல்பாதி உங்கள் தங்கச்சிக்கு, கீழ்ப்பாதி உங்களுக்கு. வாய்க்கால் தண்ணீர் என் வயலைத் தாண்டித்தான் உங்களுக்கு வரவேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் உங்கள் ஆடு என் நாற்றங்காலில் வாய் வைத்தது. அதற்கு நான் ஆட்டை விரட்டியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? 'தண்ணீரை வீணாக்கக்கூடாது' என்று ஒரு கொள்கையைக் கண்டுபிடித்து, நடு மடையில் பலகைக்கல்லை நட்டு, சேற்றைப் பூசி அடைத்தேன். நீங்கள் உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போனீர்கள். பேச்சு நின்றது. ஆனால் மச்சான், அடைத்த பிறகும் உங்கள் வயல் என் வயலைவிடப் பச்சையாக நின்றதே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சுந்தரலிங்கம் தன் கிணற்றிலிருந்து திருட்டுத்தனமாக உங்களுக்குக் குழாய் போட்டுக் கொடுக்கிறான் என்று முடிவுகட்டி, பால்ய சிநேகிதனான அவனோடும் பேச்சை நிறுத்தினேன். போதாததற்கு என் மடைப் பக்கம் எப்போது பார்த்தாலும் புதுச்சேறும் கசிவுமாக இருக்கும். நண்டு துளைக்கிறது என்று நினைத்து நண்டு பிடிக்க ஆள் வைத்தேன். மூன்று நாள் தேடி ஒரு நண்டுகூட அகப்படவில்லை. வந்தவர்களுக்குச் சோறு போட்டதுதான் மிச்சம்.

இப்படி இருக்கும்போதுதான் வியட்நாம் வந்தது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் வேல்விழி, கல்யாணத்துக்கு முன்னால் சிநேகிதியோடு போய்வர வடக்கு வியட்நாமுக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்திருந்தாள். எட்டே பேர் கொண்ட சிறு குழு, பாதி நாள் நடை, பாதி நாள் சைக்கிள், கிராமத்து வீடுகளில் தங்கல். கடைசி நேரத்தில் இரண்டு பெண்களுக்கும் லீவு கிடைக்கவில்லை. "நீங்களும் அம்மாவும் போங்கப்பா. அங்கனயும் நெல்லுதான், வாய்க்காதான். ஒங்களுக்கு ஒண்ணும் புதுசா இருக்காது" என்றாள். நெல்லையும் வாய்க்காலையும் பார்க்க நான் எதற்கு ஏரோப்பிளேன் ஏறவேண்டும் என்று கேட்டேன். கேட்டுவிட்டு நேரே டீக்கடைக்குப் போய், வெளிநாட்டில் விவசாயத்தைப் பார்வையிட என்னை அழைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா?

குழுவில் எங்கள் இருவரைத் தவிர ஐந்து வெள்ளைக்காரர்களும், கோட்டயத்திலிருந்து வர்கீஸ் என்ற ரிட்டையரான பல் டாக்டரும் இருந்தார்கள். என் ஊர் கம்பம் பள்ளத்தாக்கு என்று அவருக்கும், அவர் ஊர் கோட்டயம் என்று எனக்கும் தெரிந்த அந்த நிமிடத்தில் இருவரும் ஒரே சமயத்தில் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். முல்லைப் பெரியாறு என்ற பெயரை எடுப்பதில்லை என்று வாய்விட்டுச் சொல்லாமலே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. எனக்கு இங்கிலீஷ் ஓடாது, ஆனால் குமுளி சந்தைக்கு ஏலக்காய் மூட்டையோடு போய்வந்த காலத்து மலையாளம் இருக்கிறது. ஆகவே வழிகாட்டியான லான் என்ற பெண் இங்கிலீஷில் சொல்வதை வர்கீஸ் மலையாளத்தில் எனக்குச் சொல்வார், நான் அதைத் தமிழில் உங்கள் தங்கச்சிக்குச் சொல்வேன். அவள் "அது எனக்கு அப்பவே புரிஞ்சிருச்சு" என்பாள்.

முதல் நாள் சைக்கிள். நான் சைக்கிள் போட்டியில் மெடல் வாங்கியவன் என்று வர்கீஸ் மூலமாக எல்லோருக்கும் தெரியப்படுத்தினேன். வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அது உத்தமபாளையத்தில் நடந்த மெதுவாக ஓட்டும் போட்டி என்பதை நான் சொல்லவில்லை, ஆனால் ஓட்ட ஆரம்பித்ததும் அவர்களுக்கே தெரிந்துவிட்டது. அந்த சைக்கிளில் இருபத்துநான்கு கியர். எதை எங்கே மாற்றுவது என்று தெரியாமல் இறக்கத்தில் மிதித்து மிதித்து நின்றேன், ஏற்றத்தில் மிதிக்காமலே பின்னால் வந்தேன். பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்றை எல்லோரும் போடவேண்டும் என்றார்கள். மானமுள்ளவன் போடுகிற உடுப்பா அது என்று நான் மறுத்து வேட்டியோடு ஏறினேன். மூன்றாவது கிலோமீட்டரில் வேட்டி செயினுக்குள் போனது. பாதி வேட்டி இன்னும் அந்த நாட்டில்தான் இருக்கிறது. மிச்சத்தைச் சுற்றிக்கொண்டு நான் வரப்பில் நிற்க, பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளைகள் வரிசையாக நின்று எனக்குக் கையாட்டினார்கள். உங்கள் தங்கச்சியோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாதாம் மரத்தடியில் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். "வயக்காட்டுக்குத் தெனம் சைக்கிள்ல போறவளுக்கு இதென்ன பெரிய காரியம்" என்றாள். மறுநாள் பஞ்சு வைத்த கால்சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மலையில் நடை. மச்சான், அந்த மலையை நீங்கள் பார்க்கவேண்டும். அடியிலிருந்து உச்சிவரை படிப்படியாக வயல். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் நிற்கிறது, நாற்று நட்டு இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். அவ்வளவு அழகைப் பார்த்த எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். என் கண்ணுக்கு அழகு தெரியவில்லை, வரப்பு தெரிந்தது. உச்சியில் இருக்கும் வயலின் வரப்பில் ஒரு முழ அகலத்துக்கு உடைப்பு. தண்ணீர் சலசலவென்று வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பார் யாருமில்லை. ஜூன் மாதம் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்? அழுகை வந்துவிட்டது. மற்றவர்கள் ஒரு மரத்தடியில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தபோது நான் ஒதுங்கப் போவதுபோலப் போய், வயலில் இறங்கி, ஒரு பலகைக்கல்லைத் தேடி எடுத்து வைத்து, சேற்றை வாரிப் பூசினேன். ஓரத்தில் கசிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டி அந்த இடுக்கில் திணித்தேன். நம் நாகஜோதி கல்யாணத்தில் எல்லோருக்கும் கொடுத்தார்களே, மணமக்கள் பெயர் அச்சடித்த மஞ்சள் துண்டு, அதுதான். சொட்டுத் தண்ணீர் வெளியே போகவில்லை. நான்கு வருடப் பழக்கம், வேலை சுத்தமாக இருந்தது. அந்நிய நாட்டு விவசாயி ஒருவருக்குச் செய்த உதவியை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கவேண்டும் என்று நினைத்து, அந்தப் பெருந்தன்மையில் நானே மயங்கிப்போய்க் கீழே இறங்கினேன்.

மத்தியானம் கீழே ஊரில் ஹோவா என்ற அம்மாள் வீட்டில் சாப்பாடு. மரக்கால்களின் மேல் நிற்கும் வீடு. உங்கள் தங்கச்சி கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து வைத்தாள். ஹோவா அம்மாள் ஒரு துண்டைத் தின்றுவிட்டு ஜாடியையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். நான்கு வருடத்துக்கு முன்புவரை உங்கள் தங்கச்சிக்கு இந்தக் கைப்பக்குவம் கிடையாது, எப்படியோ வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனால், மலையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக வரும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகி நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் கத்தினார், எதிர்வீட்டிலிருந்து இன்னொருவர் ஓடிவந்தார். மலையில் ஒரு படி விடாமல் எல்லா வயலுக்கும் தண்ணீர் நின்றுவிட்டது என்று லான் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்! தண்ணீர் விஷயம் என்றால் நான் சும்மா இருப்பேனா? எவனோ மேலே மடையை அடைத்திருக்கிறான், இதெல்லாம் எனக்கு அத்துப்படி, என் பின்னால் வாருங்கள் என்று வர்கீஸிடம் சொல்லி, மண்வெட்டியோடு நின்ற பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் நான் மலையேறினேன். காலையில் மூச்சு வாங்கி நாலு இடத்தில் உட்கார்ந்தவன், இப்போது எங்கேயும் நிற்கவில்லை. "இந்த மாதிரி ஆளை ஊருக்குள்ளயே வச்சிருக்கக் கூடாது" என்றுகூட வழியில் சொன்னேன். வர்கீஸ் அதையும் மொழிபெயர்த்துவிட்டார்.

உச்சி வயல் கழுத்துவரை நிரம்பிக் கிடந்தது. நட்ட நாற்று ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் வரப்பின் மேலே ஏறி, ஒரு மூலையைக் கரைத்துக்கொண்டிருந்தது. நான் அப்போதும் குற்றவாளியைத்தான் தேடினேன், மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன். காலையில் நாங்கள் நின்ற இடம் அது என்பதே என் புத்திக்கு எட்டவில்லை. வர்கீஸ் குனிந்து பார்த்தார். சேற்றுக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. "சேட்டா, இது நிங்ஙளுடெ தோர்த்து அல்லே?" என்றார். தோர்த்து என்றால் அவர்கள் பாஷையில் துண்டு. அதில் 'நாகஜோதி – விஜயகுமார்' என்று தமிழில் அச்சடித்திருந்தது. அந்த மலையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் உங்கள் தங்கச்சியும்.

"என்ன பண்ணி வச்சிருக்கீக?" என்று பின்னாலேயே ஏறி வந்த உங்கள் தங்கச்சி கேட்டாள். கேட்டுக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகி, வயலில் இறங்கி, ஒரு காலால் கல்லைப் புரட்டி, இன்னொரு காலால் சேற்றை ஒதுக்கி, பக்கத்தில் நின்றவரிடம் மண்வெட்டியை வாங்கி இரண்டே வெட்டில் மடையைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடியது. அவள் செய்த வேகத்தையும் லாவகத்தையும் பார்த்து அந்த ஊர் ஆட்களே வாயைப் பிளந்தார்கள். தினம் செய்கிறவள்கூட அப்படிச் செய்யமாட்டாள். அந்த அவமானத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

உச்சி வயல் ஹோவா அம்மாளுடையது. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். அது லான் வழியாக இங்கிலீஷாகி, வர்கீஸ் வழியாக மலையாளமாகி என்னிடம் வந்தது. 'உங்கள் ஊரில் மேல்வயலில் திறந்துவிடாமல் கீழ்வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? உங்களுக்குக் கீழே வயல் யாருடையது?' நான் கால் சேற்றைக் கழுவக் குனிந்தேன். உங்கள் தங்கச்சி மலையாளம் தெரியாதவள், கேள்வி அவளுக்கு அப்பவே புரிந்துவிட்டது. "எங்கண்ணனோடதுதான். அதையும் இப்பிடித்தான் அடைச்சு வச்சிருக்காக" என்றாள். வர்கீஸுக்குத் தமிழ் பேச வராது, கேட்டால் புரியும்; நான் அவரிடம் கண்ணால் கெஞ்சினேன். முல்லைப் பெரியாறு பற்றி ஐந்து நாள் வாய் திறக்காத அந்த மனுஷன் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மொழிபெயர்த்தார். ஒரு வார்த்தை விடவில்லை.

கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகு ஹோவா அம்மாள் சொன்னது இது. அவர் வயலுக்கு நேர் கீழே இருப்பது அவருடைய நாத்தனார் வயல். இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. சாவுக்குக்கூட எதிரெதிர் பக்கம் நிற்பார்களாம். ஆனால் தினம் விடிந்ததும் இவர் முதல் வேலையாக மடையைப் பார்த்து, அடைத்திருந்தால் திறந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுவாராம். 'சண்டை எனக்கும் அவளுக்கும். நாற்று என்ன செய்தது?' என்றாராம். மூன்று பாஷை தாண்டி வந்தும் அது கொஞ்சமும் தேயாமல் வந்து என் நெஞ்சில் நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான். அந்தத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்ளலாமென்றால் அது முழுக்கச் சேறு.

மூழ்கிய நாற்றில் பாதி மிதந்துவிட்டது. அன்று சாயங்காலம்வரை அந்த ஊர்ப் பெண்களோடு இறங்கி மறுநடவு நட்டேன். நாற்பது வருடம் வரப்பில் நின்று நடவுக்காரர்களை "கோணலாப் போகுது, கோணலாப் போகுது" என்று விரட்டியவன் நான். என் வரிசை எங்கே ஆரம்பித்து எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. ஹோவா அம்மாள் என் பின்னாலேயே வந்து நான் நட்டதைப் பிடுங்கி நேராக நட்டுக்கொண்டு வந்தார். கீழ்வயலில் ஓர் அம்மாள், நாத்தனார்தான், இடுப்பில் கைவைத்து நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். இவரும் சிரித்துவிட்டார். ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று லான் சொன்னாள். ஆக நான் அந்த நாட்டில் ஒரு நல்லதும் செய்துவிட்டு வந்திருக்கிறேன், அது நான் நினைத்துச் செய்ததில்லை என்றாலும்.

ஊருக்கு வந்து நாலு நாளாகிறது. அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நம் வாய்க்காலுக்கும் வந்துவிட்டது. நான் முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை டீக்கடைக்குப் போகாமல் நேரே வயலுக்குப் போய், நானே என் கையால் அந்தப் பலகைக்கல்லைப் பிடுங்கி மடையைத் திறக்கப்போகிறேன். உங்கள் தங்கச்சிக்கும் சொல்லவில்லை. திறந்துவிட்டுச் சொன்னால் சந்தோஷப்படுவாள். நான்கு வருடம் உங்கள் வயிற்றில் அடித்தேன், தங்கச்சியையும் அண்ணனையும் பிரித்து வைத்தேன். அதற்கு என்னை மன்னியுங்கள். வழக்கை நீங்கள் நடத்தினாலும் சரி, விட்டாலும் சரி, தண்ணீர் இனி நிற்காது. ஆனால் ஆவணியில் வந்து நம் பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுங்கள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் அந்த நேரத்துக்குச் சமையல்கட்டில் போய் நின்றுகொள்கிறேன்.

வயதில் மூத்த உங்களுக்கு என் கும்பிடும், சுப்புத்தாய் அக்காவுக்கு என் வணக்கமும், அந்த ஆடு இன்னும் இருந்தால் அதனிடம் என் மன்னிப்பும் சேரட்டும். உங்கள் கீழ்வயல் முப்போகம் விளையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி புருஷன்,
சுயம்புலிங்கம்.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை காலை எழுதுவது. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. சொன்னபடி டீக்கடை நேரத்துக்கு மண்வெட்டியோடு வயலுக்குப் போனேன். மடை திறந்து கிடந்தது. என் பலகைக்கல் வரப்பில் சாய்ந்திருந்தது, அதன்மேல் ஒரு ஜோடி செருப்பு. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு உங்கள் தங்கச்சி, "ஏங்க, டீக்கடை இன்னைக்கு லீவா?" என்று கேட்டாள்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. நான்கு வருடமாக, நான் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் இரண்டு மணி நேரமும் அவள் திறந்துவிட்டு, நான் வருவதற்குள் அடைத்துவிடுவாளாம். மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறவளுக்கு மண்வெட்டி எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நண்டும் அவள்தான், சுந்தரலிங்கத்தின் குழாயும் அவள்தான். நார்த்தங்காய் ஊறுகாய் சுப்புத்தாய் அக்கா போட்டதாம். அப்புறம் அண்ணன் எதற்கு இன்னும் வழக்கை வைத்திருக்கிறார் என்று கேட்டேன். "வாபஸ் வாங்குனா ஒங்களுக்குச் சந்தேகம் வந்துரும்னு வாய்தா வாங்கிக்கிட்டே இருக்காக" என்றாள். கல்யாணத்துக்கு வருவாகளா என்றேன். "போன மாசமே பொண்ணுக்குப் பட்டு எடுத்தாச்சு. நம்ம பீரோவுலதான் இருக்கு, நீங்க பாக்கலையா?" என்றாள்.

ஆகவே மேலே எழுதிய எட்டுப் பக்கத்துக்கும் வேலையில்லை. ஆனாலும் ராத்திரியெல்லாம் அழுது எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அனுப்புகிறேன். ஒரே ஒரு உதவி செய்யுங்கள் மச்சான். எதுவும் தெரியாததுபோல, இது கிடைத்த மறுநாள் வீட்டுக்கு வாருங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததால்தான் மனம் இளகியது என்று சொல்லி, நாலு பேர் பார்க்க என்னைக் கட்டிப்பிடித்து மன்னித்துவிடுங்கள். நானும் அழுதுவிடுகிறேன். வரும்போது சுந்தரலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. உங்கள் தங்கச்சி இதை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். "அண்ணனுக்கு எதுக்குத் தபாலு, நான் பதினொரு மணிக்குப் போவேன்ல, கையில குடுங்க" என்கிறாள்.